கட்டிக்குள் ஓடும் ரத்தம்

*புற்றுநோய்க் கட்டி தனக்கென்று ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்வதைக் காட்டிக்கொடுக்கும் மார்க்கர்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை? வைத்தியத்துக்காகக் கடல் தாண்டும் அந்தமான் மக்களுக்கு இந்த விஞ்ஞானம் என்ன கொடுத்திருக்கிறது?*

அந்தமானின் ஹாடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பல் கிளம்பும் நாளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள், கல்லூரி திறந்து திரும்பும் பிள்ளைகள், கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், தேங்காய் மூட்டைகள் என்று வரிசை நகரும். அந்த வரிசையில் சில குடும்பங்களைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு ஒருவர் நிற்பார். பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு மனைவி. அவர் கையில் இருக்கும் பிளாஸ்டிக் ஃபைல் மட்டும் கீழே இறங்காது. ஜி.பி. பந்த் மருத்துவமனையின் ரெஃபரல் கடிதம், ஸ்கேன் ஃபிலிம், கூடவே ஒரு சின்ன டப்பா.

டப்பாவுக்குள் இருப்பது பயாப்ஸி 'பிளாக்'. கட்டியிலிருந்து கிள்ளியெடுத்த சதைத் துணுக்கைப் பாராஃபின் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். கடலில் 1,190 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள் பயணம். அதன்பின் அடையாறோ வேலூரோ, அங்கே இன்னொரு வரிசை.

அந்த மெழுகுத் துண்டை மெல்லிய ஏடாகச் சீவி, உரிய சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கட்டி தனக்காக வளர்த்துக்கொண்ட ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாக எண்ண முடியும். "ரத்தக்குழாய் மார்க்கர் டெஸ்ட் எடுத்தீர்களா?", "கட்டிக்கு ரத்தம் போகாமல் செய்யும் ஊசி இருக்கிறதாமே?" என்ற கேள்விகள் இன்று புற்றுநோய்ப் பிரிவுகளின் வெளியே சகஜமாகக் கேட்கின்றன. அதே கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பும் தன் பங்குக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. உண்மை நிலவரம் என்ன?

கட்டிக்கும் பசி உண்டு

நம் உடம்பின் பெரும்பாலான செல்கள் ரத்தக்குழாயை விட்டு வெகுதூரம் விலகி உயிர்வாழ முடியாது. ஒரு தந்துகியிலிருந்து ஆக்சிஜன் கசிந்து எட்டக்கூடிய தூரம் 100 முதல் 200 மைக்ரான்தான். அதனால் ஒரு கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டிப் பெருக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்தாக வேண்டும். பாஸ்டனில் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த ஜூடா ஃபோக்மன் 1971-ல் இதை எழுதினார். ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்ற யோசனையையும் அதே கட்டுரையில் முன்வைத்தார். கட்டியைச் சுற்றித் தெரியும் சிவப்பு வெறும் அழற்சி என்று நம்பியிருந்த அன்றைய மருத்துவ உலகம் அவரை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆதாரங்கள் பிறகு வந்தன. 1983-ல் ஹெரால்டு துவோராக்கின் குழு, கட்டிகள் சுரக்கும் ஒரு புரதம் ரத்தக்குழாய்களைக் கசிய வைக்கிறது என்று கண்டது. 1989-ல் நெப்போலியோனே ஃபெராரா, குழாய்களை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்றே என்பது தெரியவந்தது. ஆக்சிஜன் குறைந்ததை செல் எப்படி உணர்ந்து இந்தப் புரதத்தைச் சுரக்கிறது என்பதை விளக்கிய கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

கட்டி வளர்க்கும் குழாய்கள் சீராக இருப்பதில்லை. அப்ரூவல் இல்லாத மனைகளில் ஆளாளுக்கு இழுத்துக்கொண்ட தண்ணீர்க் குழாய்களைப் போல வளைந்து, முட்டி, வழியெல்லாம் ஒழுகும். ஒழுகும் குழாய் வழியாகப் புற்றுநோய் செல்கள் வெளியேறிப் பரவுவது எளிது. மருந்து உள்ளே போய்ச் சேர்வது கடினம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து ஹார்வர்டில் பணியாற்றும் ராகேஷ் ஜெயின் 2001-ல் ஒரு மாற்று யோசனை சொன்னார்: இந்தக் குழாய்களை அழிப்பதற்கு முன் சற்று ஒழுங்குபடுத்தினால், கீமோதெரபி கட்டிக்குள் நன்றாகச் சென்றடையும். இன்றைய கூட்டு சிகிச்சைகள் பலவற்றின் பின்னே இந்த எண்ணம் இருக்கிறது.

▌பெட்டிச் செய்தி: எந்த மார்க்கர் எதைக் காட்டுகிறது?

▪ சி.டி.31, சி.டி.34: ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களில் இருக்கும் புரதங்கள். சாயம் ஏற்றினால் குழாய்கள் பழுப்பு நிறத்தில் துலங்கும். பழைய குழாய், புதுக் குழாய் இரண்டையுமே காட்டும்.

▪ ஃபாக்டர் 8 சார்ந்த புரதம்: ஆரம்பகால ஆய்வுகள் இதைக்கொண்டுதான் நடந்தன. மிகச் சிறிய குழாய்களில் சிலவற்றைத் தவறவிடும்.

▪ சி.டி.105 (எண்டோகிளின்): புதிதாக முளைக்கும் குழாய்களில் அதிகம் தென்படும்.

▪ வி.இ.ஜி.எஃப்.: குழாய் வளரச் சொல்லும் சமிக்ஞைப் புரதம். திசுவிலும் அளக்கலாம், ரத்தத்திலும் அளக்கலாம்.

▪ நுண்குழாய் அடர்த்தி: ஸ்லைடில் குழாய்கள் மிக நெருக்கமாக உள்ள இடத்தைத் தேடிப்பிடித்து, 200 மடங்கு பெரிதாக்கி எண்ணிச் சொல்லும் கணக்கு.

எண்ணிக்கை சொன்ன சேதி

இந்தக் கணக்குக்குப் பெயர் வாங்கித் தந்தது 1991-ல் வெளியான ஓர் ஆய்வு. நோயல் வீட்னர், ஃபோக்மன் குழுவினர் மார்பகப் புற்றுநோய் வந்த 49 பெண்களின் கட்டிகளை எடுத்துக்கொண்டு நுண்குழாய்களை எண்ணினார்கள். நோய் பரவியிருந்த 30 பேரிடம் ஒரு பார்வைப் புலத்தில் சராசரியாக 101 குழாய்கள் இருந்தன. பரவாத 19 பேரிடம் 45. குழாய் கூடினால் பரவும் அபாயமும் கூடும் என்ற முடிவு உலகமெங்கும் ஆய்வகங்களைச் சுறுசுறுப்பாக்கியது. இந்தியாவின் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வாய்ப்புற்றுநோய் ஸ்லைடுகளில் சி.டி.34 குழாய்களை எண்ணும் ஆய்வுகள் நிறைய நடந்தன.

எண்ண எண்ணச் சிக்கலும் புரிந்தது. குழாய் நெருக்கமான இடம் எது என்பதில் ஒரு பேதாலஜிஸ்ட்டின் கண்ணும் இன்னொருவரின் கண்ணும் ஒத்துப்போவதில்லை. எத்தனைக்கு மேல் இருந்தால் ஆபத்து என்பதற்குப் பொதுவான வரம்பும் இல்லை. மார்பகப் புற்றுநோயில் 40-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நுண்குழாய் அடர்த்திக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் 1991-ல் தெரிந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. சில கட்டிகள் புதிதாகக் குழாய் வளர்க்காமலே, நுரையீரலிலும் ஈரலிலும் ஏற்கெனவே இருக்கும் குழாய்களைப் பற்றிக்கொண்டு வளர்வதும் தெரியவந்தது. அப்படிப்பட்ட கட்டியில் எண்ணிக்கை சொல்லும் சேதி குறைவு.

மருந்து வந்தது, மார்க்கர் வழிகாட்டவில்லை

வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்து முடக்கும் பெவாசிசுமாப் ஊசிக்கு 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோயில், கீமோவோடு இதையும் சேர்த்துக் கொடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்ந்தது. முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோயில் 13.3 மாதம் 17 மாதமானது. இது 2014-ல் வெளியான முடிவு. மார்பகப் புற்றுநோயிலோ கதை வேறு. 2008-ல் கிடைத்த அனுமதி, ஆயுளைக் கூட்டியதற்கு ஆதாரம் இல்லை என்று 2011 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது.

நோயாளிகள் கேட்கும் கேள்வி நியாயமானது: "எனக்கு இந்த ஊசி வேலை செய்யுமா என்று மார்க்கர் டெஸ்ட் சொல்லிவிடாதா?" சொல்லவில்லை. பெருங்குடல் புற்றுநோய் ஆய்வில் சேர்ந்தவர்களின் கட்டித் திசுக்களை மீண்டும் எடுத்து வி.இ.ஜி.எஃப். அளவையும் நுண்குழாய் அடர்த்தியையும் ஆராய்ந்தார்கள். அளவு கூடியவர், குறைந்தவர் என்ற பேதமில்லாமல் மருந்தின் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 பரிசோதனை மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது. ரத்தக்குழாய் மார்க்கர்களுக்கு அந்தத் தகுதி இன்னும் வாய்க்கவில்லை.

இதைக் குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2016 முதல் இந்திய நிறுவனங்களே பெவாசிசுமாப் தயாரிப்பதால் விலை இறங்கியிருக்கிறது. ஆனாலும் அது சாதாரண ஊசி அல்ல. ரத்தக் கொதிப்பு ஏறலாம், ரத்தக்கசிவு வரலாம், அபூர்வமாகக் குடலில் துளை விழலாம். புண் ஆறுவதற்கும் புதிய ரத்தக்குழாய் தேவை என்பதால், அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பல வாரம் இதைக் கொடுக்க மாட்டார்கள். கேம்பல் பே போன்ற கடைக்கோடித் தீவுக்குத் திரும்பிய நோயாளிக்கு நள்ளிரவில் ரத்தம் கசிந்தால், பெரிய மருத்துவமனை 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எந்த மருந்து என்று முடிவு செய்யும்போது இந்தத் தூரத்தையும் டாக்டரிடம் பேச வேண்டும்.

தீவின் நோய் வாயில் தொடங்குகிறது

அந்தமான் நிகோபாரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 3.8 லட்சம். அவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பி, கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களும் உண்டு. வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர், நிகோபாரி என எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவாக இருக்கும் ஒரு பழக்கம் வெற்றிலை, பாக்கு, புகையிலை. பாக்கு இங்கே தோட்டப்பயிரும்கூட.

போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) உள்ள ஐ.சி.எம்.ஆர். மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் தீவுகளில் 18,018 பேரிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. 48.9 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். மெல்லும் பழக்கம் மட்டுமே உள்ளவர்கள் 40.9 சதவீதம். பயன்படுத்துவோரில் முக்கால்வாசிப் பேர் 21 வயதுக்கு முன்பே தொடங்கிவிட்டவர்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 20 ஆண்டுகளுக்கு முன்பே வகைப்படுத்திவிட்டது. "நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான்" என்ற ஆறுதலுக்கு இடமே இல்லை.

வாய்க்குள் நடக்கும் மாற்றத்தை நிறத்தை வைத்தே ஓரளவு படிக்கலாம். பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வரும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸில் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார் கட்டி, வாய் திறப்பது குறுகும். காரம் பட்டால் எரியும். பிறகு தோன்றும் திட்டுகளில் வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத் திட்டு அதிக ஆபத்தானது. மேல்தோல் மெலிந்து, அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் வெளியே தெரிவதால் வரும் சிவப்பு அது.

கருப்பைவாயிலும் இப்படித்தான். கால்போஸ்கோப்பில் பச்சை ஒளி போட்டுப் பார்த்தால் குழாய்கள் கருமையாகத் துலங்கும். அவை புள்ளி புள்ளியாகவோ, ஓடு பதித்த தரையின் அமைப்பிலோ, திருகியோ தெரிந்தால் டாக்டர் அந்த இடத்திலிருந்தே பயாப்ஸி எடுப்பார். பயாப்ஸிக்கு முன்பே, நேரில் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் ரத்தக்குழாய் அடையாளங்கள் இவை. சிகிச்சைப் போக்கை இன்றைக்கே மாற்றக்கூடியவையும் இவைதான்.

மாத்திரையில் வந்த பலன்

ஃபோக்மனின் யோசனையில் முளைத்த இன்னொரு கிளை இருக்கிறது. கீமோ மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதிக அளவில் கொடுத்து ஓய்வு விட்டால், அந்த இடைவெளியில் கட்டியின் ரத்தக்குழாய்கள் மறுபடி வளர்ந்துவிடுகின்றன. அதே வகை மருந்தைக் குறைந்த அளவில் விடாமல் கொடுத்தால், பெருகிக்கொண்டிருக்கும் குழாய்ச் சுவர் செல்கள் தலைதூக்க முடியாது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் எலிகளில் இது காட்டப்பட்டது. 'மெட்ரோனோமிக்' சிகிச்சை என்று பெயர்.

இதை மனிதர்களிடம், அதுவும் நம் நாட்டை அதிகம் வாட்டும் தலை, கழுத்து, வாய்ப்புற்றுநோயில் சோதித்தது மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை. குணப்படுத்தும் கட்டம் தாண்டிய 422 நோயாளிகள் இதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிஸ்பிளாட்டின் ஊசி. மற்றொரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் மாத்திரைகள். காக்ஸ்-2 என்ற நொதி வி.இ.ஜி.எஃப். சுரப்பைக் கூட்டுகிறது, செலிகாக்சிப் அந்த நொதியைத் தடுக்கும். 2020-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் முடிவு வந்தது. ஊசிப் பிரிவில் இடைநிலை ஆயுள் 6.1 மாதம், மாத்திரைப் பிரிவில் 7.5 மாதம். கடுமையான பக்கவிளைவு ஊசியில் 30 சதவீதம் பேருக்கு, மாத்திரையில் 19 சதவீதம் பேருக்கு.

அதே மருத்துவமனை 2022-ல் அடுத்த படிக்குப் போனது. எர்லோட்டினிபும் சேர்ந்த மூன்று மாத்திரைத் திட்டத்தோடு, நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த எதிர்ப்பாற்றல் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள்.

முதல் ஆய்வில் மாத்திரை கூடுதலாகத் தந்த ஏறக்குறைய ஒன்றரை மாதம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தெரியலாம். தீவுக் குடும்பத்தின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஊசி என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 'மெயின்லேண்ட்' பயணம், அல்லது மாதக்கணக்கில் சென்னையில் வாடகை அறை, கூட இருப்பவரின் வேலையிழப்பு. தீவு நிர்வாகத்தின் 'ஆனிஷி' காப்பீட்டுத் திட்டம் பொருளாதாரச் சுமையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலும், பிரிவின் சுமையை எந்தத் திட்டமும் ஏற்க முடியாது. மாத்திரை என்றால் மாயாபந்தரிலோ ரங்கத்திலோ தன் வீட்டில், தன் மக்களோடு இருந்து சாப்பிடலாம். காப்புரிமை காலாவதியான இரண்டு பழைய மருந்துகள் இதைச் சாத்தியமாக்குகின்றன. இதற்கு மார்க்கர் பரிசோதனையும் வேண்டியதில்லை.

▌பெட்டிச் செய்தி: மாத்திரை எடுப்பவர் கவனத்துக்கு

▪ மெத்தோட்ரெக்சேட் இந்தச் சிகிச்சையில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை மாத்திரை அட்டையிலேயே தமிழில் எழுதி வாங்குங்கள்.

▪ ரத்த அணுக்கள், சிறுநீரகம், ஈரல் பரிசோதனைகளை டாக்டர் சொன்ன இடைவெளியில் செய்தாக வேண்டும்.

▪ வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத் திணறல், கறுப்பாக மலம் போவது தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

▪ அறுவை சிகிச்சையால் குணமாகக்கூடிய கட்டிக்கு இது மாற்று கிடையாது. மாத்திரையை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

சுறா எலும்பை நம்பாதீர்கள்

"சுறாவுக்குப் புற்றுநோய் வராது, அதன் குருத்தெலும்பு கட்டிக்கு ரத்தம் போவதைத் தடுக்கும்" என்ற செய்தி கடலோர மக்களிடம் எளிதாக எடுபடுகிறது. இதன் வேரில் ஒரு நிஜமான ஆய்வு இருக்கிறது. குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. சுறாவின் குருத்தெலும்பில் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் இருப்பதை 1983-ல் ராபர்ட் லாங்கர் குழு காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு மாத்திரை வியாபாரம் பெருகியது.

சுறாக் குருத்தெலும்புச் சாற்றை மருந்தாகத் தயாரித்து, 379 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் முறைப்படி சோதித்தார்கள். முடிவு 2010-ல் வெளியானது. இடைநிலை ஆயுள் சாறு எடுத்தவர்களுக்கு 14.4 மாதம், எடுக்காதவர்களுக்கு 15.6 மாதம். பலன் இல்லை என்பது உறுதியானது. சுறாவுக்கும் புற்றுநோய் வரும் என்பதும் ஆவணமாகியிருக்கிறது. ஆய்வகத் தட்டில் குழாயைத் தடுக்கும் பொருள்கள் மஞ்சளிலும் கிரீன் டீயிலும்கூட உண்டு. மனித உடம்பில் கட்டியைத் தடுக்கிறதா என்பது வேறு கேள்வி. இந்த நம்பிக்கையில் கைவிட்டுப்போகும் இரண்டு மாதத்தில், வெட்டி எடுத்திருக்கக்கூடிய கட்டி எலும்புக்குள் இறங்கிவிடலாம்.

தீவு கேட்க வேண்டியவை

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடி ஒளியிழைக் கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லிட்டில் அந்தமான், ரங்கத் எல்லாம் அதில் இணைந்திருக்கின்றன. ஸ்லைடை ஸ்கேன் செய்து அனுப்பினால் அடையாறிலோ மும்பையிலோ இருக்கும் பேதாலஜிஸ்ட் அன்றே பார்த்துக் கருத்துச் சொல்ல முடியும். 2012-ல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு, நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளை இதுபோன்ற ஆலோசனைகளுக்காகவும் இணைத்திருக்கிறது. எந்தச் சிகிச்சை, எங்கே, எப்போது என்பது முடிவான பிறகு நோயாளி கப்பல் ஏறினால் போதும். முடிவைத் தெரிந்துகொள்வதற்காகவே அவர் மெழுகுத் துண்டோடு கடல் தாண்டும் நிலையை மாற்றக் கேபிள் இருக்கிறது, ஏற்பாடுதான் வேண்டும்.

அதைவிட முக்கியமானது அந்தக் கப்பல் பயணத்துக்கே வேலை இல்லாமல் செய்வது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப்போய் மக்களின் வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் 'லான்செட்' வெளியிட்டது. மக்கள் அதிகம் இல்லாத, துணை சுகாதார நிலையப் பணியாளருக்கு வீடு வீடாக முகம் தெரிந்த தீவுகளில் இதைச் செய்வது இன்னும் எளிது. மெல்லும் பழக்கம் உள்ள 30 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் வாய்ப் பரிசோதனை. சிவப்புத் திட்டோ மூன்று வாரம் ஆறாத புண்ணோ தெரிந்தால் அந்த வாரமே பயாப்ஸி. மெட்ரோனோமிக் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் தீவு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே. இவற்றைச் சட்டமன்றம் இல்லாத இந்த யூனியன் பிரதேசத்தின் பஞ்சாயத்துகளும் தமிழ்ச் சங்கங்களும் மற்ற மொழிச் சங்கங்களும் சேர்ந்து நிர்வாகத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.

குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. எந்தப் புதிய பரிசோதனையை யார் எழுதித் தந்தாலும், "இதன் முடிவு வந்தால் எங்களுக்குக் கொடுக்கும் சிகிச்சை மாறுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். மாறும் என்றால் கடன் வாங்கியாவது செய்யலாம். மாறாது என்றால் அந்தப் பணம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகட்டும். ரத்தக்குழாய் மார்க்கர்கள் இன்றைய நிலையில் ஆராய்ச்சிக்குப் பெரும் துணை. நோயாளியின் பில்லில் இடம்பெற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அந்த ஆராய்ச்சி கைமேல் கொடுத்திருக்கும் மலிவான மாத்திரையையும், வாயின் நிறத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு சுகாதாரப் பணியாளரையும் ஒவ்வொரு தீவுக்கும் கொண்டுசேர்ப்பது அரசின் கடமை. தாமதிக்க அதற்கு எந்தக் காரணமும் இல்லை.